மீதா, குவ்வா? 'ப்ரெஜுடிஸ்' பற்றி வாசகர் கேள்விகள்

ஒரே ஆங்கிலச் சொல்லைச் சுற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்பதால் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: ஒரு துறை விசாரணை உத்தரவைத் தமிழாக்கம் செய்தேன். 'ஊழியருக்கு எந்த ப்ரெஜுடிஸும் ஏற்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி. 'ஊழியர் மீது எவ்விதத் தப்பெண்ணமும் இல்லை' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அகராதியில் தப்பெண்ணம் என்றுதானே இருக்கிறது? (மொழிபெயர்ப்பாளர், மதுரை)

அடித்தவர் செய்தது சரி. அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டீர்கள். இந்தச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு.

இலத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'யூதிகியும்' என்றால் தீர்ப்பு. உரோமச் சட்டத்தில் இது ஒரு வழக்குக்கு முன்னதாக நடக்கும் விசாரணையை, அதில் பிறக்கும் முடிவைக் குறித்தது. அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. முன்பே சொல்லப்பட்ட முடிவு பின்னால் வரும் வழக்கில் ஒரு தரப்பின் காலை வாரிவிடும். அதனால் சொல்லுக்குக் கேடு, இழப்பு என்ற பொருள் வந்தது. விசாரிக்கும் முன்பே முடிவு கட்டிவிட்ட மனம் என்பது மற்றொரு கிளை. நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தது இந்த இரண்டாவதை மட்டும்தான். ஆனால் ஆங்கிலத்தில் கேடு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது அல்ல, அதுவே பழையது. நீதிமன்றத்தில் இன்றும் பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் புழங்குகிறது.

உங்கள் உத்தரவில் கேட்கப்படுவது அதிகாரியின் மனநிலை அல்ல. விசாரணையில் ஏதோ ஒரு நடைமுறை விட்டுப்போயிருக்கிறது; அதனால் ஊழியரின் தற்காப்பு பழுதுபட்டதா என்பதே கேள்வி. 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தண்டனை கொடுக்கும் முன் விசாரணை அறிக்கையின் நகலை ஊழியருக்குத் தர வேண்டும் என்றது. கூடவே, நகல் தரவில்லை என்பதாலேயே தண்டனை தானாக விழுந்துவிடாது, அதனால் அவருக்கு என்ன ப்ரெஜுடிஸ் நேர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. 1996-இல் எஸ்.கே. சர்மா வழக்கு இந்தச் சோதனையை இன்னும் விரித்தது. ஆகவே உங்கள் வரி இப்படி வரவேண்டும்: 'ஊழியருக்குப் பாதகம் ஏதும் விளையவில்லை.' நீங்கள் எழுதியபடி விட்டிருந்தால், 'அதிகாரிக்கு என் மேல் வன்மம் உண்டு' என்று நிரூபிக்க அந்த ஊழியர் ஓடியிருப்பார். அவர் காட்ட வேண்டியதோ 'நகல் கையில் இருந்திருந்தால் இன்ன சாட்சியை இப்படி மறுத்திருப்பேன்' என்பது.

இரண்டையும் பிரிக்கத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது: வேற்றுமையைப் பாருங்கள். ஒருவர் மீது தப்பெண்ணம், ஒருவருக்குப் பாதகம். 'மீது' பொருந்தினால் அது மனத்தில் இருப்பது. 'கு' பொருந்தினால் அது வெளியே நடந்த இழப்பு. ஆங்கில வாக்கியத்தை இந்த இரண்டு உருபுகளிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது இடத்தில் தடுமாற்றம் நீங்கும்.

மீதி ஒன்று? ஜூரி முறை உள்ள நாடுகளின் தீர்ப்புகளில் 'ப்ரெஜுடிஷியல்' சாட்சியம் என்று வரும். குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வரலாறு, கோரமான படம் போன்றவை ஜூரியின் மனத்தில் வெறுப்பைக் கிளப்பி, அதன் வழியாக அவருக்குக் கேடு செய்யும். அங்கே இரண்டு பொருளும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. 'தப்பெண்ணத்தைத் தூண்டிப் பாதகம் விளைவிக்கும் சாட்சியம்' என்று நீட்டி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓர் எச்சரிக்கை. 'பாதகம்' என்றதும் பஞ்சமாபாதகம் நினைவுக்கு வரும் வாசகர் உண்டு. 'சாதக பாதகம்' என்ற இணை பழக்கமாக இருப்பதால் சட்டத் தமிழில் அது தாங்கும். செய்தித்தாளுக்கு எழுதினால் 'குந்தகம்' நல்லது.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதும்போது 'அவர் ரொம்ப ப்ரெஜுடிஸ்' என்பதுபோல் எழுதலாமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

கூடாது. ஆளைச் சொல்லும்போது கடைசியில் 'டு' ஒலி வேண்டும்: ப்ரெஜுடிஸ்டு. பேச்சில் அந்த 'டு' தேய்ந்து விழுவதால் எழுத்திலும் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே செய்யும் பிழை இது. அழுத்தம் முதல் அசையில் வரும். 'ப்ரி' என்று தொடங்காமல் 'ப்ரெ' என்று தொடங்குங்கள்.

கேள்வி: பாக்கி விஷயமாக எனக்கு ஒரு கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தின் தலையில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று இருந்தது. 'தப்பெண்ணம் இல்லாமல் எழுதுகிறோம்' என்ற மரியாதைச் சொல் என்று நினைத்தேன். இனி நானும் என் கடிதங்களில் போடலாமா? (ஜவுளி வியாபாரி, ஈரோடு)

மரியாதைச் சொல் அல்ல, வேலி. 'சமரசத்துக்காக இதை எழுதுகிறேன். பேச்சு முறிந்தால் இதை எனக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டக் கூடாது' என்பதே பொருள். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருந்த விதி இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 21-ஆம் பிரிவாக இருக்கிறது. உரிமையியல் வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இதில் மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள்.

முதலாவது, எல்லாக் கடிதத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி குத்துவது. தகராறு ஒன்று இருந்து, அதைத் தீர்க்கும் நோக்கில் எழுதியதற்குத்தான் பாதுகாப்பு. சரக்கு அனுப்பிய தகவலுக்கு மேலே போட்டால் அது வெறும் மை. மறுபக்கம், தலைப்பு இல்லாவிட்டாலும் 'இதைச் சாட்சியாக்குவதில்லை' என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாகச் சூழ்நிலையிலிருந்து தெரிந்தால் நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைத் தரும்.

இரண்டாவது, வக்கீல் நோட்டீஸுக்கு மேலே போடுவது. நோட்டீஸ் அனுப்புவதே நாளைக்குக் கோர்ட்டில் காட்டத்தான். அதன் தலையிலேயே 'இதைக் காட்டாதே' என்றால் எப்படி?

மூன்றாவதுதான் வியாபாரிக்கு முக்கியம். கடன்பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரையறை. கெடு முடியும் முன் கடனாளி கையெழுத்திட்டு 'பாக்கி உண்டு' என்று ஒப்புக்கொண்டால், 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும். உங்களுக்கு வந்த கடிதத்தில் 'பாக்கியை தவணையாகத் தருகிறோம்' என்று இருந்து, தலையில் அந்தத் தலைப்பும் இருந்தால், அதை ஒப்புதலாகக் காட்ட முடியாமல் போகலாம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தலைப்பில்லாத தனிக் கடிதத்தில், நிலுவைத் தொகையைக் குறிப்பிட்டுக் கையெழுத்துடன் பாக்கிச் சான்று கேட்டு வாங்குங்கள்.

கடிதத்தின் தலையில் வருவது வேறு, உள்ளே வருவது வேறு. 'என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று உள்ளே எழுதினால் அது மறைப்பு அல்ல, 'இதை வாங்கியதால் மீதியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது' என்ற அறிவிப்பு. குறைந்த தொகைக்குக் காசோலை தருகிறார்கள், காசோலையும் வேண்டும், மீதியையும் கேட்க வேண்டும் என்றால், ரசீதிலேயே, கையெழுத்துக்கு மேலே, இப்படி எழுதுங்கள்: 'மீதித் தொகை கோரும் என் உரிமைக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்.' அதற்குப் பிறகு கையெழுத்து. படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து ஆட்சேபக் கடிதம் எழுதினால் பலம் குறைவு. நிலம் கையகப்படுத்தலில் இந்த 'ஆட்சேபத்துடன்' என்ற ஒரு சொல் இல்லாமல் இழப்பீட்டை வாங்கினால், கூடுதல் இழப்பீடு கேட்டு மனுச் செய்யும் வழியே அடைபடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

தொகை பெரிதென்றால் எழுதும் முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: சட்டங்களில் 'மேற்கண்டவற்றின் பொதுத்தன்மைக்குக் குந்தகமின்றி' என்று ஒரு வரி அடிக்கடி வருகிறதே, அது எதற்கு? (போட்டித் தேர்வு மாணவர், சேலம்)

'கீழே பட்டியல் தருகிறேன், ஆனால் அந்தப் பட்டியல் மட்டுமே என் அதிகாரம் என்று நினைக்காதே' என்பதற்கு. அந்த வரி இருந்தால், பட்டியலில் இல்லாததும் பொது அதிகாரத்துக்குள் அடங்கும். தேர்வில் இதை வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

கேள்வி: தப்பெண்ணம், முன்முடிவு, முற்சாய்வு, காழ்ப்பு, பாரபட்சம், பக்கச்சார்பு, ஓரவஞ்சனை... இத்தனை இருக்கும்போது எதை எங்கே போடுவது? ஒன்றையே நிலைப்படுத்தினால் என்ன? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

நிலைப்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள்.

'முன்முடிவு' மிக இலேசானது. தெரியாத ஊருக்குப் போகும் முன் வெயில் கொளுத்தும் என்று நினைப்பதும் முன்முடிவுதான். போய்ப் பார்த்ததும் மாறிவிடும். அதில் பகை இல்லை. 'முற்சாய்வு' ஆய்வுக்கட்டுரைச் சொல், தராசுத் தட்டு முன்பே சாய்ந்திருப்பது. பேச்சில் யாரும் சொல்வதில்லை. 'தப்பெண்ணம்' பேச்சிலும் எழுத்திலும் நிற்கும். ஆனால் 'என்னைப் பற்றித் தப்பெண்ணம் வேண்டாம்' என்னும்போது வெறும் தவறான புரிதலையும் குறிக்கும். ஒரு கூட்டத்தின் மேல் உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் 'சாதித் தப்பெண்ணம்', 'நிறத் தப்பெண்ணம்' என்று முன்னொட்டுக் கொடுத்துவிடுங்கள்.

'காழ்ப்பு' முற்றிய நிலை. காழ் என்பது மரத்தின் வைரம். முள்மரத்தை இளசிலேயே வெட்டு, 'காழ்த்த இடத்து' அது வெட்டுபவன் கையையே பதம் பார்க்கும் என்கிறது குறள் (879). மரத்தின் உள்கட்டைக்கும் பகைக்கும் 'வயிரம்' என்று ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. எண்ணம் இறுகி மரமாகிவிட்டால் காழ்ப்புணர்ச்சி என்று எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பாரபட்சமும் ஓரவஞ்சனையும் செயல்கள். மனத்தில் மட்டும் பாரபட்சம் இருக்க முடியாது, அது பந்தியில் தெரியும்: ஒருவர் இலையில் இரண்டு வடை, அடுத்த இலையில் ஒன்று. 'ஓரம்' என்பது ஒருபக்கமாகப் பேசுவதற்கு வழங்கிய பழஞ்சொல். ஔவையின் 'ஓரம் சொல்லேல்' அதுதான். சபையில் ஓரம் சொன்னவர் வீட்டில் வெள்ளெருக்குப் பூக்கும் என்கிறது நல்வழி. எங்களைக் கேட்டால் தமிழில் உள்ள சாபங்களில் மிகவும் கலைநயமானது அது. இலங்கையில் வழங்கும் 'பக்கச்சார்பு' எண்ணத்துக்கும் நடத்தைக்கும் இடையில் நின்று இரண்டுக்கும் உதவுகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வினை வருகிறது என்று பார்த்தாலும் தெரிந்துவிடும். தப்பெண்ணம் கொள்வார்கள், காழ்ப்புக் கொள்வார்கள். பாரபட்சம் காட்டுவார்கள், ஓரவஞ்சனை செய்வார்கள். குந்தகம் விளையும். 'பாரபட்சம் கொண்டார்' என்று ஒரு கட்டுரையில் கண்டால் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம்.

வழக்கிழந்தாலும் மீட்கத் தக்க ஒன்று உண்டு: 'உட்கோட்டம்'. கோட்டம் என்றால் வளைவு. 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா / உட்கோட்டம் இன்மை பெறின்' (குறள் 119). சொல்லில் வளைவு வேறு, உள்ளத்தில் வளைவு வேறு என்று இரண்டையும் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார். வாயால் எல்லோரும் சமம் என்பவரிடமும் உட்கோட்டம் இருக்கலாம். பேட்டிகளில் தினமும் பார்க்கிறோமே.

கேள்வி: மலையாளத்தில் இதற்கு 'முன்விதி' என்கிறார்களே. தலையெழுத்தா? (வாசகர், நாகர்கோவில்)

இல்லை. மலையாளத்தில் 'விதி' என்றால் நீதிமன்றத் தீர்ப்பும்கூட. முன் தீர்ப்பு என்று இலத்தீனை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். ஜெர்மனும் 'ஃபோர்-உர்டைல்' என்று அதையே செய்தது. தமிழில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒருமுறை தீர்ந்த வழக்கை மறுபடி போடக் கூடாது என்ற விதிக்கு 'முன்தீர்ப்புத் தடை' என்று பெயர் வைத்துவிட்டோம்.

கேள்வி: உளவுத்துறைப் படங்களுக்கு வசன வரிகள் எழுதுகிறேன். 'எக்ஸ்ட்ரீம் ப்ரெஜுடிஸுடன் முடித்துவிடு' என்பதை எப்படிப் போடுவது? (வாசகர், சென்னை)

'ஆளைத் தீர்த்துவிடு.' வேலையிலிருந்து நீக்கி இனி எடுக்கவே கூடாது என்ற அலுவலகச் சொற்றொடரை வியட்நாம் போர்க்கால அமெரிக்க உளவு வட்டாரத்தில் கொலைக்கு இடக்கரடக்கலாக மாற்றினார்கள். வெறுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கதாபாத்திரம் கோப்பு மொழியில் பேசும் ஆள் என்றால் 'நிரந்தரமாக நீக்கிவிடு' இன்னும் சில்லிடும்.

கேள்வி: நல்லெண்ணம் ப்ரெஜுடிஸ் ஆகுமா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி)

ஆகும். 'நம்ம ஊர்ப் பையன், திருடமாட்டான்' என்பதும் விசாரிக்காத தீர்ப்புதான். ஆங்கிலத்தில் ஒருவருக்குச் சாதகமான ப்ரெஜுடிஸ் என்றும் எழுதுவார்கள், அரிதாக. தமிழில் தப்பெண்ணம் என்றால் கசப்புப் பக்கம் மட்டும் நின்றுவிடும். இரண்டு பக்கத்தையும் அள்ளும் தொடர் 'காய்தல் உவத்தல்'. 'காய்வதன்கண் உற்ற குணம் தோன்றாதாகும் உவப்பதன்கண் குற்றமும் தோன்றாக் கெடும்' என்கிறது அறநெறிச்சாரம். வெறுத்தால் குணம் தெரியாது, விரும்பினால் குற்றம் தெரியாது. 'காய்தல் உவத்தல் இன்றி ஆராய்ந்தால்' என்று எழுதினால் ஆங்கிலம் இரண்டு வரியில் சொல்வதை முடித்துவிடலாம்.

கேள்வி: மூன்று முறை ஏமாந்த பிறகு 'இந்த ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் கூடக் கேட்பார்கள்' என்று நினைத்தால் அது அனுபவமா, தப்பெண்ணமா? (வாசகி, கோயம்புத்தூர்)

நான்காவது ஆட்டோக்காரர் சரியான கூலி கேட்டதும் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் போட்ட கோடு இதுதான்: புதிய தகவல் வந்ததும் மாறினால் அது வெறும் முன்முடிவு, வந்தும் மாறாவிட்டால்தான் ப்ரெஜுடிஸ். எண்ணத்தின் உள்ளடக்கத்தில் அல்ல, அதன் இறுக்கத்தில் இருக்கிறது நோய்.

மாறாமல் இருக்க மனம் கையாளும் உத்தியையும் அவர் சொல்கிறார். வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து திறந்து, அவரை உள்ளே விட்டு, உடனே அடைத்துவிடுவது. நம் வீடுகளில் இது எப்படி ஒலிக்கும் தெரியுமா? 'அவங்க ஆளுங்களே அப்படித்தான். ஆனா நீங்க அப்படி இல்லீங்க.' கேட்பவர் பாராட்டு என்று நினைத்துச் சிரிப்பார். அந்த 'நீங்க' ஒருவர் வெளியே வந்துவிட்டார், மீதிப் பேர் உள்ளேயே இருக்கிறார்கள்.

எண்ணமும் நடத்தையும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1934-இல் ரிச்சர்ட் லாபியர் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவில் 251 விடுதி, உணவகங்களுக்குப் போனார். இடமில்லை என்றது ஒன்றே ஒன்று. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி 'சீனர்களை ஏற்பீர்களா' என்று கேட்டபோது பதில் எழுதிய 128 இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றன. (கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்றவரும் ஒரே ஆளா என்ற மறுப்பு நியாயமானதுதான்.) இந்தியாவில் இதற்கு நேர்மாறான நிலை. நேரில் கேட்டால் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இந்த எண்கள் அளப்பது பாரபட்சத்தை. அதன் பின்னால் இருந்த உட்கோட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு இதை விளக்க வேண்டும். உபதேசம் பண்ணாமல் செய்ய வழி உண்டா? (ஆசிரியர், விழுப்புரம்)

உங்கள் விடைத்தாளிலிருந்தே தொடங்குங்கள். மாதத் தேர்வில் பெயர் எழுதும் பக்கத்தை மடித்து, பல்கலைக்கழகங்களில் போடும் டம்மி நம்பர் மாதிரி ஒரு எண் கொடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒரு மாணவர் கையில் இருக்கட்டும். திருத்தும்போது ஒரு தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாவது என்று போங்கள். முதல் விடை நன்றாக இருந்தால் அந்த நல்லெண்ணத்தில் மூன்றாவதுக்கு அரை மதிப்பெண் கூடுதலாக விழும். இந்த முறை அதைத் தடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைக் கலைத்துப் போடுவதும் தேவை, இல்லாவிட்டால் முதலில் இருப்பவர் எப்போதும் கண்டிப்பான கையில் மாட்டுவார். கையெழுத்து தெரிந்துவிடும் என்பது உண்மை, நாற்பது பேர் வகுப்பில் அதை முழுதாக மறைக்க முடியாது. பழைய முறையில் திருத்திய தேர்வையும் இதையும் பக்கத்தில் வைத்து, எங்கே எத்தனை மதிப்பெண் நகர்ந்தது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு தேர்வை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம், வினாத்தாளின் கடினமும் மதிப்பெண்ணை நகர்த்தும்.

அடுத்தது குழுவேலை. வெவ்வேறு தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. ஆல்போர்ட் நான்கு நிபந்தனைகள் சொன்னார்: குழுவுக்குள் சம நிலை, பொதுவான இலக்கு, ஒருவரையொருவர் போட்டியாக அல்லாமல் துணையாக நம்பியிருக்கும் வேலை, மேலே இருப்பவரின் ஆதரவு. முதலாவதில்தான் பள்ளிகளில் கோட்டை விடுகிறார்கள். ஒருவர் எழுத, ஒருவர் பேச, ஒருவர் எப்போதும் தண்ணீர் பிடித்து வரவும் பெஞ்சு தூக்கவும் என்றால் பழைய எண்ணம் அங்கேயே உரம் போட்டு வளரும். யார் எழுதுவது, யார் பேசுவது, யார் பெஞ்சை நகர்த்துவது என்று சுழற்சிப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பெஞ்சு தூக்கும் வரிசையில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.